போரில் கடலோடு போனவர்களுக்குக் கடலிலேயே அஞ்சலி: எப்படி நடத்துவது?

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் சிப்பாய். அவர் ஏறிப்போன படைக்கப்பல் டார்பிடோ தாக்கி மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. கப்பல் மூழ்கிய இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒரு பழைய கடிதத்தில் இருக்கின்றன. அதே கப்பலில் போன மாலுமிகள், சிப்பாய்கள் சிலரின் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு 25 பேர் ஒரு படகு அமர்த்தி, அங்கே போய் மலர்வளையம் விட நினைக்கிறோம். பெரிய பாட்டியின் அஸ்தியில் ஒரு பங்கையும் அங்கே கரைக்க ஆசை. துப்பாக்கி மரியாதை, கப்பல் சங்கு எல்லாம் வைக்கலாமா? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் கடற்படை நடத்தும் அஞ்சலியைப் பார்த்துவிட்டு அதையே சின்ன அளவில் நடத்தப் பார்க்காதீர்கள். போர்க்கப்பலில் நூறு பேர் ஒரு பக்கமாக அணிவகுத்து நின்றாலும் கப்பல் அசையாது. உங்கள் படகில் 25 பேரும் வளையத்தைப் பார்க்க ஒரே பக்கம் ஓடினால் படகு சாய்ந்துவிடும். சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்த நாட்களிலும் அதற்குப் பிறகும் இப்படிச் சில நிகழ்ச்சிகளுக்கு உதவியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தச் சடங்கின் முக்கால் பங்கைக் கரையிலேயே முடித்துவிட வேண்டும். கடலில் நடப்பது இருபது நிமிடம் போதும்.

முதலில் அந்தப் பழைய கடிதம். அதில் இடம் பாகையிலும் (டிகிரி) கலையிலும் (மினிட்) எழுதியிருக்கும். அதைக் கைபேசி வரைபடத்தில் போடும்போது பலரும் தவறு செய்கிறார்கள். 8 பாகை 30 கலை என்பது 8.30 அல்ல, 8.50. ஒரு பாகைக்கு 60 கலை. இந்த ஒரு தவறுக்கு அட்சரேகையில் 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். இன்னொன்று, அந்த எண்களே துல்லியமாக இருக்காது. போர்க்காலத்தில் சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்தும், வேகத்தையும் திசையையும் வைத்துக் கணக்கிட்டும்தான் இடத்தைக் குறித்தார்கள். அதுவும் கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கும்போது. சில மைல் வித்தியாசம் சாதாரணம். 1941 நவம்பரில் 645 பேரோடு மூழ்கிய ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி எங்கே கிடக்கிறது என்பது 2008 மார்ச்சில்தான் தெரிந்தது. அத்தனை ஆண்டுகளும் அந்தக் குடும்பங்கள் அஞ்சலி செலுத்தாமலா இருந்தன?

அதனால் 'சரியாக அதே இடம்' என்று படகுக்காரரை வற்புறுத்தாதீர்கள். அந்த இடம் பெரிய கப்பல்கள் போய்வரும் தடத்தில் இருந்தால் கண்டிப்பாக வற்புறுத்தக் கூடாது. தடத்தின் நடுவே ஒரு சின்னப் படகு இன்ஜினை அடக்கி நிற்பது, நெடுஞ்சாலையில் காரை நிறுத்திவிட்டு இறங்கி நிற்பதற்குச் சமம். ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல் உங்களைப் பார்த்துவிட்டு நிறுத்த நினைத்தாலும் நிற்க மைல் கணக்கில் ஆகும். தடத்துக்கு வெளியே, பாதுகாப்பான இடத்தில் நின்று அந்தத் திசையைப் பார்த்துச் செய்யுங்கள்.

கப்பலின் சிதைவு கீழே இருப்பது உறுதி என்றால் ஒரு விஷயம் கூடுதலாக உண்டு: அங்கே நங்கூரம் போடக் கூடாது. பிரிட்டனில் 1986-லும் அமெரிக்காவில் 2004-லும் இப்படிப்பட்ட கப்பல்களைக் காப்பதற்கென்றே சட்டம் வந்தது. சட்டம் எட்டாத கடலிலும் அது கல்லறைதான். அப்படி எல்லாரும் நினைப்பதில்லை என்பதுதான் வேதனை. 1942 பிப்ரவரியில் ஜாவா கடல் போரில் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்களைத் தேடி, 75ஆம் ஆண்டு நினைவுக்காக 2016-ல் முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். இரண்டு கப்பல்கள் இருந்த இடத்தில் கடல்தரையில் பள்ளம் மட்டும்தான் இருந்தது. பழைய இரும்புக்காகப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். கீழே கப்பல் மிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேலே உங்கள் அஞ்சலிக்குக் குறை ஒன்றும் வராது.

இனி மலர்வளையம். கடைகளில் செய்து தரும் வளையத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரும்புக் கம்பி, பச்சை நிற ஸ்பாஞ்ச், ஜரிகை நாடா என்று பலதும் இருக்கும். அந்த ஸ்பாஞ்சும் பிளாஸ்டிக்தான். கப்பல்களிலிருந்து எந்தப் பிளாஸ்டிக்கையும் எந்தக் கடலிலும் போடக் கூடாது என்பது சர்வதேச விதி. வைக்கோல், சணல், வளையும் குச்சி, இலை, பூ, பருத்தி நூல் இவற்றை மட்டும் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். பெயர் அட்டையும் வேண்டுமென்றால் சாதாரணத் தாளில் எழுதிக்கொள்ளலாம், லேமினேட் செய்யக் கூடாது. பலூன், பறக்கும் விளக்கு, கண்ணாடி பாட்டிலுக்குள் கடிதம் எதுவும் வேண்டாம்.

வளையத்தை எந்தப் பக்கம் விடுவது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். காற்றை எதிர்த்து விட்டால் இதழும் அஸ்தியும் உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். சரி, காற்று போகும் பக்கம் விடலாம் என்றால் அங்கே வேறு தொல்லை. நின்றுகொண்டிருக்கும் படகைக் காற்று அதே பக்கம்தான் தள்ளும். உயரமான படகு, தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் வளையத்தைவிட வேகமாக நகரும். கடைசியில் நீங்கள் விட்ட வளையத்தின் மேல் உங்கள் படகே ஏறிவிடும். ஒருமுறை இதை என் கண்ணாலேயே பார்த்தேன். கண்ணீரோடு ஒரு அம்மா விட்ட வளையம் படகுக்கு அடியில் போய், பயந்துபோன படகோட்டி இன்ஜினைப் போட, மறுபக்கம் துண்டு துண்டாக வெளியே வந்தது. அன்றைக்கு யாருமே அதற்கப்புறம் எதுவும் பேசவில்லை.

வழி இதுதான். படகு மிக மெதுவாக முன்னால் நகர்ந்துகொண்டிருக்கும்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். புரொப்பல்லர் சுற்றக் கூடாது, ஆனால் படகில் கொஞ்சம் ஓட்டம் மிச்சம் இருக்க வேண்டும். அந்த நேரத்தில், காற்று போகும் பக்கம், பின்புறத்துக்கு அருகில் நின்று வளையத்தை இறக்குங்கள். படகு தாண்டிப் போய்விடும், வளையம் பின்னால் தங்கிவிடும். எறியாதீர்கள். எறிந்தால் கவிழ்ந்து விழும். இரண்டு பருத்திக் கயிறுகளை வளையத்தின் அடியில் கோத்து, இரண்டு பேர் தண்ணீர் வரைக்கும் இறக்கி, ஒரு முனையை மட்டும் விட்டு உருவிக்கொண்டால் அழகாக மிதக்கும். பிறகு படகு நல்ல தூரம் விலகியதும் வளையத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போடச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாருக்கும் தெரியும், ஒரே பக்கம் கூட வேண்டியதில்லை.

அஸ்திக்கும் இதே முறைதான், ஒரே ஒரு வித்தியாசம். தண்ணீரில் கரையும் காகிதப் பையில் கட்டி, தண்ணீர் மட்டத்துக்கு அருகிலிருந்து விடுங்கள். உயரத்திலிருந்து கொட்டாதீர்கள். எவ்வளவு தூரம் கடலுக்குள் போக வேண்டும், யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கரையிலிருந்து குறைந்தது 3 கடல் மைல் போக வேண்டும், கரைத்த 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பாட்டியின் ஆசை விசித்திரமானது என்று உறவினர் யாராவது சொன்னால் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தைக் காட்டுங்கள். 1941 டிசம்பர் 7-ல் ஜப்பானியத் தாக்குதலில் 1,177 பேரோடு மூழ்கிய அரிசோனா போர்க்கப்பலிலிருந்து பிழைத்தவர்களில் பலர், முதுமையில் இறந்தபின் தங்கள் அஸ்தியை அந்தக் கப்பலுக்குள்ளேயே வைக்கச் சொன்னார்கள். முக்குளிப்பவர்கள் கொண்டுபோய் வைத்தார்கள்.

துப்பாக்கி மரியாதை வேண்டாம். ஆயுத உரிமம் மட்டும் காரணம் அல்ல. சுமார் ஒரு நிமிட இடைவெளியில் துப்பாக்கியோ வெடியோ போடுவது, சர்வதேசக் கடல் விதிகளின்படி 'ஆபத்தில் இருக்கிறோம், காப்பாற்றுங்கள்' என்ற அறிவிப்பு. சிவப்பு ஒளிவெடியும் ஆரஞ்சு நிறப் புகையும் அப்படியே. புகைப்படத்தில் அழகாக இருக்கும் என்று ஆரஞ்சுப் புகையைக் கொளுத்தினால் மீட்புப் படகு வந்து நிற்கும், அப்புறம் விசாரணை வேறு. சங்கை விடாமல் ஊதிக்கொண்டே இருப்பதும் ஆபத்து அறிவிப்புதான். ஒரே ஒரு சிறிய ஊதல் போதுமே என்றால், ஒரு வினாடி ஊதலுக்கு 'நான் வலப்பக்கம் திரும்புகிறேன்' என்று பொருள். அருகில் வேறு கப்பல்கள் இல்லாதபோது, கேப்டன் சம்மதித்தால், ஒரு நீண்ட ஊதல் ஊதலாம். அதைவிட நல்லது மணி. கப்பலில் நான்கு மணி நேரக் காவல் முறை முடியும்போது, இரண்டிரண்டாக எட்டு முறை மணி அடிப்பார்கள். இறந்த மாலுமிக்கும் அதே எட்டு மணியோசைதான்: காவல் முடிந்தது, இனி ஓய்வு. கைமணி ஒன்று இருந்தால் போதும்.

கொடியை அரைக்கம்பத்தில் இறக்குவதாக இருந்தால் முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகு இறக்க வேண்டும். முடிந்தபின் மறுபடி உச்சிக்கு ஏற்றிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். தேசியக் கொடியைத் தனியார் தாங்களாக அரைக்கம்பத்தில் விடக் கூடாது என்று சில நாடுகளில் விதி உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மௌனம் ஒரு நிமிடமா இரண்டா என்று சண்டை வேண்டாம். 1919 நவம்பர் 11-லிருந்து இரண்டு நிமிடம் என்ற வழக்கம் பரவியது, ஆனால் ஆடும் படகில் நின்றுகொண்டு இரண்டு நிமிடம் என்பது வயதானவர்களுக்கு நீளம். உட்கார்ந்தே இருக்கட்டும்.

நிகழ்ச்சியின் உயிர் பெயர் வாசிப்பதுதான். நேரம் தவறிப்போவதும் இங்கேதான். ஒரு பெயருக்கு நான்கு வினாடி என்று வைத்தால் சிட்னி கப்பலின் 645 பெயர்களுக்கு 43 நிமிடம் ஆகும். நின்ற படகு ஓடும் படகைவிட அதிகமாக உருளும், குமட்டலும் அப்போதுதான் உச்சத்துக்குப் போகும். அதனால் முழுப் பட்டியலைப் புறப்படும் முன் துறைமுகத்திலோ, போகும் வழியில் ஓட்டத்திலோ வாசித்துவிடுங்கள். அந்த இடத்தில் வந்திருக்கும் குடும்பங்களின் பெயர்கள் மட்டும் போதும், ஒவ்வொரு பெயரையும் அவரவர் வீட்டார் சொல்லட்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், வாசிப்பவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கட்டும்.

பட்டியல் தயாரிக்கும்போது சிப்பாய்களோடு நிறுத்திவிடாதீர்கள். படைக்கப்பலை ஓட்டியவர்கள் பெரும்பாலும் சீருடை இல்லாத வணிகக் கப்பல் மாலுமிகள். கப்பலின் கொதிகலன் அடுப்பில் கரி அள்ளிப்போட்டவரும் சமையல்காரரும் அதே தண்ணீரில்தான் போனார்கள். 1917 பிப்ரவரி 21 அன்று பிரிட்டனின் வைட் தீவுக்குத் தெற்கே, பனிமூட்டத்தில் வேறொரு கப்பல் மோதி மெண்டி என்ற படைக்கப்பல் மூழ்கியபோது இறந்த 600க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் தென்னாப்பிரிக்காவின் கறுப்பினத் தொழிற்படையினர். ஆயுதமே தரப்படாதவர்கள். வெகுகாலம் அவர்களைப் பேசுவார் இல்லை. இன்று தென்னாப்பிரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றின் பெயரே மெண்டி. காமன்வெல்த் படைகளிலும் வணிகக் கப்பல்களிலும் இருந்தவர்கள் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரையும் நாளையும் கொண்டு இலவசமாகத் தேடலாம். எதிர்த்தரப்பில் இறந்தவர்களையும் ஒரு வரியில் நினைக்க வேண்டுமா என்பது உங்கள் கூட்டத்தின் விருப்பம். என்னைக் கேட்டால், நினைக்கலாம். முதல் உலகப் போரில் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லாண்ட் கடற்போரின் நூற்றாண்டான 2016 மே 31 அன்று இரு நாடுகளும் ஒரே கடலில் சேர்ந்து பூ விட்டன.

அனுமதி விஷயம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. வளையம் மட்டும் என்றால் பெரும்பாலான இடங்களில் தனி உரிமம் கேட்பதில்லை. ஆனால் எப்போது, எங்கே, எத்தனை பேர், எவ்வளவு நேரம் நிற்போம் என்பதைத் துறைமுக அலுவலகத்துக்கும் கடலோரக் காவல் படைக்கும் எழுதிக் கொடுங்கள். தடை இருந்தால் அவர்களே சொல்வார்கள். படகுக்கு 25 பேரை ஏற்ற உரிமம் இருக்கிறதா என்று தாளையே கேட்டுப் பாருங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். அஞ்சலி உடைக்கு மேல் லைஃப் ஜாக்கெட் அசிங்கமாக இருக்கிறது என்று கழற்ற யாரையும் விடாதீர்கள். குமட்டல் மாத்திரை சாப்பிடுபவர்கள் புறப்படும் முன்பே சாப்பிட வேண்டும், வாந்தி தொடங்கியபின் பயனில்லை. நினைவு நாள் அன்றே போக வேண்டும் என்று பிடிவாதம் கூடாது. மாற்று நாள் ஒன்றைப் படகுக்காரரோடு முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். காலையில் அவர் 'இன்றைக்கு வேண்டாம்' என்றால் விவாதம் இல்லை, அன்று துறைமுகச் சுவரில் நின்று மௌனம் காத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

திரும்பும் முன் கேப்டனிடம் வளையம் விட்ட இடத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிரதி கொடுங்கள். பாகையா தசமமா என்பதையும், வடக்கா தெற்கா, கிழக்கா மேற்கா என்பதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.