மூச்சுத் திணறல் மூச்சல்ல: சி.பி.ஆர். சந்தேகங்கள்

கேள்வி: மயங்கி விழுந்தவர் விட்டுவிட்டு ‘ஹக்… ஹக்’ என்று மூச்சு இழுத்தால் சி.பி.ஆர். (மார்பை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் முதலுதவி) செய்யலாமா? முதலில் நாடி பார்க்க வேண்டாமா?

பதில்: செய்தே ஆக வேண்டும். மீன் வாயைத் திறந்து மூடுவதுபோல் தெரியும் அந்தத் திணறல், இதயம் நின்ற பின் மூளைத்தண்டு தானாகக் கிளப்புவது. அந்த மூச்சால் பயனில்லை. ‘மூச்சுதான் இருக்கிறதே’ என்று சுற்றி நிற்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். அசைவில்லை, 10 நொடிக்குள் சீரான மூச்சும் தெரியவில்லை என்றால் தொடங்கிவிடுங்கள். நாடி தேட வேண்டாம். பதற்றத்தில் உங்கள் விரல் துடிப்பே அவருடையதாகத் தோன்றும். ஆம்புலன்ஸை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். ஏ.இ.டி. கருவி (இதயத்துக்கு மின் ஷாக் கொடுக்கும் தானியங்கிக் கருவி) கிடைக்குமா என்று பார்க்க வேறொருவரை அனுப்புங்கள்.

கேள்வி: எவ்வளவு ஆழம் அழுத்த வேண்டும்? விலா எலும்பு உடைந்துவிடாதா?

பதில்: உடையலாம். ‘மடக்’ என்று கேட்டால், கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். எலும்பு பிறகு கூடிவிடும்.

மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், நடுநெஞ்சில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்ற கையைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. தோள், கைக்கு நேர் மேலே இருக்கட்டும். அழுத்துவது உடல் எடை, புஜபலம் அல்ல. பெரியவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. மெத்தையில் கிடந்தால் தரைக்கு இறக்குங்கள். இல்லாவிட்டால் அமுங்குவது மெத்தைதான்.

பலரும் கோட்டைவிடுவது கையைத் தளர்த்துவதில். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக எழும்ப வேண்டும். மேலேயே சாய்ந்துகொண்டிருந்தால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. அடுத்த அழுத்தத்தில் வெளியே தள்ளப் போதிய ரத்தம் இருக்காது. இடையில் நிறுத்துவதும் கெடுதல்: ஏற்றிவைத்த ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், மீண்டும் ஏற்றப் பல அழுத்தங்கள் பிடிக்கும். களைத்த கை ஆழம் குறைவதை உணராது. ஆள் இருந்தால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாயோடு வாய் வைத்து ஊதத் தயக்கமாக இருக்கிறதே?

பதில்: திடீரென்று சாய்ந்த பெரியவருக்கு அழுத்தம் மட்டுமே கொடுத்தாலும் சரி, முதல் சில நிமிடங்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சமிருக்கும். நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கணக்கு வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்த பிறகே இதயம் நிற்கிறது, ஆகவே ஊதுவது அவசியம். 30 அழுத்தம், 2 ஊதல். ஊதும்போது தலையைச் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு ஊதலுக்கு 1 நொடி. மார்பு எழுந்ததும் போதும். பலமாக ஊதினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தியில் முடியும்.

கேள்வி: கைக்குழந்தைக்கு?

பதில்: மார்பை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து, இரு கட்டைவிரல்களால் சுமார் 4 செ.மீ. அழுத்துங்கள். தலையைப் பின்னே வளைக்காதீர்கள், நேராக இருக்கட்டும். கழுத்து அதிகம் வளைந்தால் மூச்சுப்பாதை அடைபடும். வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்தில் அடங்கும் காற்றளவே ஊதுங்கள்.

கேள்வி: எப்போது நிறுத்தலாம்?

பதில்: அவர் அசைந்து சீராக மூச்சு விடும்போது, மருத்துவக் குழு பொறுப்பேற்கும்போது, அல்லது உங்களால் அறவே முடியாதபோது. ஏ.இ.டி. ‘தொடாதீர்கள்’ என்றால் கையை எடுங்கள். ஷாக் கொடுத்து முடிந்ததும் உடனே மீண்டும் அழுத்தத் தொடங்குங்கள்.