ஒருபால் ஈர்ப்பு, கத்தோலிக்க விசுவாசம்: இரண்டோடும் எப்படி இருக்கிறீர்கள்?

"எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கிறது, கோயிலையும் விட மனமில்லை, என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மட்டக்களப்புக் கத்தோலிக்கன்தான், அதே கதைதான்.

பத்தொன்பது வயதிலிருந்து நாலு வருஷம் நான் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் நற்கருணை, வாங்கவில்லை. எங்கள் கோயிலில் அது லேசில் மறைகிற விஷயமா? வாங்கில் இருந்த எல்லோரும் எழும்பிப் போக, நான் மட்டும் முழங்காலை ஒரு பக்கம் திருப்பி வழி விட்டுக்கொண்டு இருப்பேன், போகிற ஒவ்வொருவரும் ஒருதரம் முகத்தைப் பார்ப்பார்கள். அம்மா புளியந்தீவிலிருந்து பேசாமல் வந்து, கல்லடிப் பாலத்தில் ஏறினதும்தான் "ஏன் மனே நன்மைக்குப் போகல்ல?" என்பார். "பூசைக்கு முதல் சாப்பிட்டுட்டன் அம்மா." அவருக்குத் தெரியாமல் அந்த வீட்டில் யார் சாப்பிடுவது!

கடைசியில் ஒரு வயசான சுவாமியிடம், எங்கள் குருவானவரிடம், பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் கொட்டினேன். "ஈர்ப்பு பாவமில்லை மகன், வேற என்ன செய்த?" என்று கேட்டார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நாலு வருஷத்தைச் சும்மா வீணாக்கியிருக்கிறேன்.

ஆனால் சபை எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறது என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். சபையின் போதனைகளைத் தொகுத்து 1992இல் வந்த மறைக்கல்வி ஏட்டில் 2358ஆம் எண் நம்மை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கச் சொல்கிறது, அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்கிறது. அதற்கு முந்திய 2357 ஒருபால் உடலுறவையே ஒழுங்கு தவறியது என்கிறது. அது எனக்கு இன்றைக்கும் தொண்டையில்தான் நிற்கிறது. 2023 டிசம்பரில் வத்திக்கான், திருமணச் சடங்கு மாதிரி இல்லாமல் இப்படியான சோடிகளுக்குக் குருமார் ஆசி கொடுக்கலாம் என்றது, ஆனாலும் இங்கே போய்க் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. நம் நாட்டில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு வேறு இருக்கிறது.

இந்தச் சிக்கல் தீரட்டும் என்று காத்திருக்காமல் நன்மைக்குப் போகிறேன், செப்டம்பரில் ஆயித்தியமலை மாதாவிடம் நடந்தும் போகிறேன்.

ஒன்று மட்டும் கவனம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சுவாமி யாரிடமும் சொல்ல முடியாது, கோயில் விறாந்தையில் நின்று பேசுவதற்கு அந்தக் கட்டு இல்லை. நான் ஒருதரம் விறாந்தையில் இன்னொருவரிடம் வாயை விட்டேன். மூன்றாம் நாள் மாமி அம்மாவுக்குக் கோல் எடுத்து, தம்பிக்குக் கெதியா ஒரு கல்யாணம் பேசுவோமா என்று கேட்டார்.