பல் அறுவைக்காக டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறோம். எனக்கு வயது 44. மேல் முன்பல் ஒன்றில் ஐந்து வருடம் முன்பு ரூட் கெனால் செய்து உறை போட்டார்கள். இப்போது அந்த ஈறில் அடிக்கடி சீழ்க்கட்டி வருகிறது. வேர் நுனியில் சின்ன அறுவை செய்யலாம், 16,000 ரூபாய் ஆகும் என்கிறார் கோவை டாக்டர். பல்லை எடுத்து இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல்) வைத்தால் 38,000. பனிக்காலம் என்பதால் இலை குறைவு, கையில் பணம் இல்லை. ஒரு லட்சம் டெபாசிட் மே மாதம் முதிர்கிறது. அதை இப்போதே உடைக்கவா, கார்டில் தவணையாகக் கட்டவா, மே வரை மாத்திரையில் ஓட்டவா? மருத்துவக் காப்பீடு உதவுமா?

பதில்: காப்பீட்டை நம்பி நாள் கடத்தாதீர்கள். விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் ஒழிய, பெரும்பாலான பாலிசிகள் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. உங்களுடையது நாற்காலியில் உட்கார்ந்தபடி, மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்து அன்றே அனுப்பிவிடும் சிகிச்சை. பாலிசியில் வெளிநோயாளி பல் சிகிச்சை என்று தனியாக எழுதியிருந்தால் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மே வரை மாத்திரை என்பதுதான் எனக்குப் பிடிக்காத யோசனை. மாத்திரை வீக்கத்தை அடக்கும். வேர் நுனியில் இருக்கும் கிருமி அங்கேயேதான் இருக்கும். சீழ் சுற்றியுள்ள எலும்பைக் கரைத்துக்கொண்டே போகும். எலும்பு குறைந்துவிட்டால் நாளைக்கு இம்பிளான்ட் வைக்கக்கூட முதலில் எலும்புத் தூள் நிரப்ப வேண்டி வரலாம். அது தனிச் செலவு.

பணம் கட்டுவதற்கு முன் டாக்டரிடம் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். முதலில், உறையைக் கழற்றி மேலிருந்தே ரூட் கெனாலை மறுபடி செய்ய முடியாதா? முடியும் என்றால் கத்திக்கே வேலை இல்லாமல் போகலாம். உள்ளே கம்பி வைத்து உறை போட்டிருந்தால் அதைக் கழற்றும்போது வேர் உடையலாம். அப்போது அறுவையே மேல். ஈறைத் திறந்து, வேர் நுனியில் சுமார் 3 மில்லிமீட்டர் வெட்டி, வெட்டிய முனையில் தெரியும் வேர்த் துளையை எம்டிஏ போன்ற பல் சிமென்ட்டால் அடைத்துத் தையல் போடுவார்கள். முன்பல் என்பதால் கை எட்டுவது சுலபம்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம். ஈறைத் திறந்த பிறகு வேர் நெடுக்காக விரிசல் விட்டிருப்பது தெரிந்தால்? அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாது, எடுத்தே ஆக வேண்டும். அப்போது 16,000-ல் எவ்வளவு குறைத்துக்கொள்வார்கள்? இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். சிபிசிடி ஸ்கேன் (பல்லையும் எலும்பையும் முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே), மைக்ரோஸ்கோப், தையல் பிரிப்பது, ஆறாம் மாத எக்ஸ்ரே எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் அடக்கமாக இருப்பது பில்லில் வெளியே வந்து நிற்கும்.

வெறுமனே பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். நானும் ஒரு கடைவாய்ப் பல்லை அப்படி எடுத்தவன்தான். அன்றைக்கு மிச்சம் பிடித்தேன். சில வருடத்தில் பக்கத்துப் பல் சாய்ந்து, பிரிட்ஜ் (இருபக்கப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) போட நல்ல பற்கள் இரண்டைத் தேய்க்க வேண்டியதாயிற்று. உங்களுக்கோ முன்பல், இடைவெளியோடு விட முடியாது. ஸ்கேனில் விரிசல் எதுவும் தெரியவில்லை என்றால், 16,000 செலவழித்துச் சொந்தப் பல்லைக் காப்பாற்றப் பார்ப்பதே என் கணக்கில் சரி.

சரி, பணம். டெபாசிட்டை உடைக்க வேண்டாம். 16,000-க்காக முழு ஒரு லட்சத்தின் வட்டியும் குறையும். அதே வங்கியில் அந்த டெபாசிட்டின் மேல் கடன் கேளுங்கள். டெபாசிட் வட்டியைவிடப் பொதுவாக 1 அல்லது 2 சதவீதம்தான் கூட இருக்கும். 9 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் நான்கு மாதத்துக்கு 480 ரூபாய். டெபாசிட் தன் பாட்டுக்கு வட்டி சேர்த்துக்கொண்டிருக்கும். நகையை இதற்காகத் தொட வேண்டாம். கார்டு தவணையில் வட்டி அதிகம், வட்டிக்கு ஜிஎஸ்டியும் உண்டு. 'வட்டியில்லாத் தவணை' என்று கிளினிக்கில் சொன்னால், ஒரே தடவையில் கட்டினால் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த வித்தியாசம்தான் வட்டி.

மலையிலிருந்து கீழே போய்வரும் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஸ்கேனுக்கு ஒரு நாள், அறுவைக்கு ஒரு நாள், தையல் பிரிக்க ஒரு நாள், அப்புறம் ஆறாம் மாதமும் ஒரு வருடத்திலும் எக்ஸ்ரே. கோத்தகிரியிலோ குன்னூரிலோ உள்ள பல் டாக்டர் தையல் பிரித்தால் போதுமா என்று கேளுங்கள், ஒரு நடை மிச்சம். அறுவை நாளில் தனியாகப் பஸ்ஸில் திரும்பாதீர்கள். முகம் வீங்கும், மரப்பு தெளியும்போது வலிக்கும். முதல் நாள் கன்னத்தில் ஐஸ் வைக்கச் சொல்வார்கள். இந்தப் பனியில் ஐஸா என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் தோட்டத்துக்குப் போக முடியாது, அந்தக் கூலியையும் கணக்கில் வையுங்கள். சர்க்கரையோ, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையோ இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

16,000-மும் கஷ்டம் என்றால், கோவையைச் சுற்றியுள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள். பேராசிரியர் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் செய்வார்கள், கட்டணம் குறைவு. நடை கூடும் என்பதால் பஸ் செலவைக் கழித்துப் பாருங்கள்.

மே மாதம் டெபாசிட் முதிர்ந்ததும் கடனைக் கட்டிவிட்டு, மீதியில் 10,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கிலேயே விடுங்கள். எக்ஸ்ரேக்களுக்கும், அந்த ஐந்து வருட உறையை மாற்றச் சொன்னால் அதற்கும் கையில் இருக்கட்டும்.