பூச்சி வயிற்றில் மனித டிஎன்ஏ: கேள்வி பதில்

செல்வி: கொசு குடித்த ரத்தத்தை வைத்து ஆளைப் பிடித்திருக்கிறார்களா, இல்லை வெறும் சினிமாக் கதையா?

பதில்: பிடித்திருக்கிறார்கள். பின்லாந்தின் லாபுவாவில் 2008 ஜூனில் திருடுபோன கார் பிறகு செய்னாயோகியில் கிடைத்தது. உள்ளே ரத்தம் குடித்த கொசு ஒன்று. அதை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். போலீஸ் பதிவேட்டிலிருந்த ஒருவரோடு டிஎன்ஏ பொருந்தியது. அவரோ, "லிஃப்ட் கேட்டு ஏறினேன், அவ்வளவுதான்" என்றார். அந்தக் கொசு அவரைக் கடித்தது என்பது மட்டுமே டிஎன்ஏ சொல்வது. எங்கே கடித்தது, வண்டியை ஓட்டியது யார் என்பதற்கு வேறு சாட்சியம் தேடவேண்டும்.

முருகன்: ஒரு கொசுவில் அவ்வளவு டிஎன்ஏ இருக்குமா?

பதில்: கணக்குப் போடுங்கள். பெண் கொசு (ஆண் கடிக்காது) 2 மைக்ரோலிட்டர் குடித்தது என வைப்போம். சிவப்பணுவில் டிஎன்ஏ தாங்கும் உட்கரு இல்லை, அது உதவாது. வெள்ளையணு மைக்ரோலிட்டருக்கு 5,000 என்றால் மொத்தம் 10,000. ஒரு வெள்ளையணுவில் 6.6 பிகோகிராம் டிஎன்ஏ வீதம் 66 நானோகிராம் (1,000 பிகோகிராம் = 1 நானோகிராம்). எஸ்டிஆர் சோதனைக்கு (ஆளுக்கு ஆள் மாறும் டிஎன்ஏ துண்டுகளை ஒப்பிட்டு அடையாளம் காண்பது) 1 நானோகிராம் தாராளம். ஆக, அளவு பிரச்சினையே இல்லை, செரிமானம்தான் எதிரி. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வு (2017) கடித்து 48 மணி நேரம் வரை ஆளை அடையாளம் காட்டியது. அதனால் உயிரோடு பிடித்த கொசுவை உடனே உறையவையுங்கள், குப்பியில் பறக்கவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள்.

அருள்: பிணத்துப் புழுக்களை எப்படிச் சேகரிப்பது? ஃபார்மலினில் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. ஃபார்மலின் டிஎன்ஏவைப் புரதங்களோடு பிணைத்துச் சிதைத்துவிடும், பிசிஆர் (டிஎன்ஏவைப் பல நகல்களாகப் பெருக்கும் முறை) தோற்கும். சேகரித்ததை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புழுவின் வயதைக் கணக்கிடப் போகும் பாதியைச் சூடான நீரில் கொன்று 80 சதவீத எத்தனாலில் வையுங்கள். டிஎன்ஏவுக்கான பாதியை நேராக உறையவையுங்கள். வசதி இல்லையேல் 95 சதவீத எத்தனால்.

டிஎன்ஏ எடுக்கத் தேவை புழுவின் முன்பக்கத் தீனிப்பை. விழுங்கிய திசு செரிக்காமல் தங்கும் இடம் அது; மேய்ந்துகொண்டிருக்கும் மூன்றாம் பருவப் (கடைசி வளர்ச்சிக் கட்டம்) புழுவில் தோலுக்குள் கருஞ்சிவப்பாகத் தெரியும். மேய்ச்சலை விட்டு ஊர்ந்து போகிற புழுவில் அது சுருங்கிக் காலியாகிவிடும். நிறைய பேர் தோற்பது இங்கேதான்: ஓரமாகச் சுவரேறும் பெரிய புழுவைப் பொறுக்கி வந்து, "ஒன்றும் வரவில்லை" என்பார்கள்.

அறுக்கும் முன் நீர்த்த பிளீச்சில் அலசி, தண்ணீரில் கழுவுங்கள். இல்லையென்றால் தோலில் ஒட்டியிருக்கும் அடுத்தவர் டிஎன்ஏவும் சேரும். தலைப்பக்கம் வாய்க்கொக்கிக்குப் பின்னால் கீறி, பையைக் கிழிக்காமல் இழுத்தெடுங்கள். புழுவுக்குப் புழு புது பிளேடு. கூடவே ஒரு வெற்று மாதிரியையும் (புழு எதுவும் சேர்க்காதது) சோதனையில் ஓட்டிப் பாருங்கள்.

தேவி: உடலே இருக்கும்போது புழு எதற்கு?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. உடலை அகற்றிவிட்டு, கார் டிக்கியில் புழு மட்டும் மிஞ்சும்போதுதான் தேவை. எரிந்த உடலிலும் பயன்பட்டிருக்கிறது: மெக்சிகோவில் புழுக்களின் வயிற்றிலிருந்து எடுத்த டிஎன்ஏவைத் தந்தையோடு ஒப்பிட்டு, காணாமல்போன பெண்ணை அடையாளம் கண்டார்கள்.

பாலு: கொசு மாட்டையும் கடித்திருந்தால்?

பதில்: கவலை வேண்டாம், எஸ்டிஆர் கிட் மனித டிஎன்ஏவுக்காக வடிவமைத்தது. தொல்லை தருவது இரண்டு மனிதர்களைக் கடித்த கொசு: கலப்பு முடிவு வரும், பிரித்தறிவது கடினம். இன்னொன்று, ரத்தத்தின் ஹீம் (சிவப்பு நிறம் தரும் பொருள்) பிசிஆரைத் தடுக்கும். சிலிக்கா நிரலில் (டிஎன்ஏவைப் பிடித்துவைக்கும் வடிகுழாய்) நன்றாகச் சுத்தப்படுத்துங்கள். அப்படியும் சிக்னல் வராவிட்டால் மாதிரியை பத்தில் ஒன்றாக நீர்த்து மறுபடி ஓட்டுங்கள், பல நேரம் வந்துவிடும்.