ரேண்டம் டெஸ்ட்: வந்த கேள்விகளும் பதில்களும்

ப்ராசஸர் டிசைனைச் சோதிக்க, ஜெனரேட்டர் தற்செயலாக உருவாக்கிய இன்ஸ்ட்ரக்ஷன்களை லட்சக்கணக்கில் ஓட்டியாயிற்று. ‘சமமானால் தாவு’ பிராஞ்ச் ஒருமுறைகூடத் தாவவில்லை. டிசைனில் பிழையா?

டிசைனைத் திட்டாதீர்கள். இரண்டு 32 பிட் எண்கள் தற்செயலாகச் சமமாவது ஏறத்தாழ 400 கோடியில் ஒருமுறை. 0, 1, -1, உச்ச எண் ஆகியவற்றுக்கு வெயிட்டைக் கூட்டுங்கள்; அவை அடிக்கடி வரும். இன்ஸ்ட்ரக்ஷன்களை நாலைந்து ரிஜிஸ்டருக்குள் (ப்ராசஸர் எண்களை வைக்கும் இடங்கள்) அடைத்து வையுங்கள். 32 ரிஜிஸ்டரிலும் பரவவிட்டால் பைப்லைன் ஹசார்ட் (முந்தைய இன்ஸ்ட்ரக்ஷன் முடியுமுன் அதன் விடை அடுத்ததற்குத் தேவைப்படும் சிக்கல்) அபூர்வமாகத்தான் வரும். சீட் எண்ணை (ஜெனரேட்டரின் தற்செயல் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்) குறித்துக்கொள்ளுங்கள்.

ரிஸ்க்-ஃபைவ் (ஒரு திறந்த இன்ஸ்ட்ரக்ஷன் தரம்) கோரில் பூஜ்யத்தால் வகுத்தால் ட்ராப் (வேலையை நிறுத்திவிட்டு ஹேண்ட்லருக்குத் தாவுவது) வரவில்லையே?

வராது. ஈவில் எல்லா பிட்டும் 1, மீதி வகுபடும் எண்ணேதான். ஸ்பெக்கைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

பின்னோக்கித் தாவும் பிராஞ்ச் முடிவில்லாமல் சுற்றுவதால் அதையே தடைசெய்துவிட்டேன். சரிதானே?

இல்லை. லூப் இல்லாமல் பிராஞ்ச் ப்ரெடிக்டரை (பிராஞ்ச் தாவுமா என்று முன்கூட்டியே ஊகிக்கும் பகுதி) எதை வைத்துச் சோதிப்பீர்கள்? ஒரு ரிஜிஸ்டரைக் கவுன்டராக ஒதுக்கி, லூப்புக்குள் வேறெதுவும் அதில் எழுதாதபடி கன்ஸ்ட்ரெயின்ட் (ஜெனரேட்டருக்கான கட்டுப்பாட்டு விதி) போடுங்கள். ட்ராப் ஹேண்ட்லரும் அதைக் கெடுக்கக் கூடாது.

நேற்று ராத்திரி ரெக்ரஷனில் (எல்லா டெஸ்டையும் மொத்தமாக மறுபடி ஓட்டுவது) ஒரு டெஸ்ட் ஃபெயில். இன்று ஓட்டினால் பாஸ். சீட் குறிக்கவில்லை. என்ன செய்வது?

இந்தக் கடிதம் மட்டும் ஓய்வதே இல்லை. இன்று பாஸ் ஆனது நேற்றைய டெஸ்டே இல்லை, ஐயா. சீட் மாறினால் டெஸ்டும் வேறு. நேற்றைய பிழை டிசைனுக்குள்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. சீட்டைக் கடிகாரத்திலிருந்து எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. லாக்கின் முதல் வரியில் அதை அச்சிடுங்கள். சீட் மட்டும் இருந்தாலும் போதாது. ஜெனரேட்டரின் வெர்ஷன், கன்ஸ்ட்ரெயின்ட் ஃபைல், சிமுலேட்டர் வெர்ஷன், கொடுத்த ஆப்ஷன்கள் எல்லாம் சேர்ந்தால்தான் அதே டெஸ்ட் திரும்ப வரும். சிஸ்டம்வெரிலாக்கில் (சிப் டிசைனுக்கும் சோதனைக்குமான மொழி) இடையில் புதிதாக ஓர் ஆப்ஜெக்ட் உருவாக்கினாலே அதே சீட்டுக்கு வேறு வரிசை வந்துவிடலாம். எனவே ஃபெயிலான அசெம்பிளி ஃபைலையே எடுத்து வையுங்கள்; பிறகு ஜெனரேட்டரின் தயவு தேவையில்லை. டிஸ்க் இடம் போகிறது என்று அதை அழிக்கும் ஸ்கிரிப்டை எழுதியவர் யாரோ, நேற்றைய பிழையை அவரே தேடட்டும்.

சைக்கிள் கவுன்டரைப் படிக்கும் இடத்திலெல்லாம் ஸ்பைக்கோடு (கோரின் விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ரிஸ்க்-ஃபைவ் சிமுலேட்டர்) மிஸ்மேட்ச்.

ஸ்பைக்குக்கு உங்கள் பைப்லைன் தெரியாது; அதனால் எத்தனை சைக்கிள் ஆயிற்று என்பதும் தெரியாது. அந்த ஒரு ஒப்பீட்டை மட்டும் விட்டால், வேறுபட்ட மதிப்பு அடுத்தடுத்த இன்ஸ்ட்ரக்ஷன்களில் பரவும். கோர் படித்ததை ஸ்பைக்கின் ரிஜிஸ்டரிலும் எழுதிவிடுங்கள்.

கவரேஜ் (சோதிக்க வேண்டுமென்று பட்டியலிட்டதில் எவ்வளவு நடந்தது என்ற அளவு) 100 சதவீதம். நிறுத்தலாமா?

க்ராஸ் (பட்டியலில் உள்ளவை ஒன்றோடொன்று சேர்ந்து வந்தனவா என்ற கணக்கு) எத்தனை எழுதினீர்கள்? அதைச் சொல்லாமல் சதவீதத்தை அனுப்பாதீர்கள்.