பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? மாஸ்டர் சிலிண்டரை மாற்றும் முன்

கேள்வி: வாரம் இரண்டு நடை ஏற்காட்டிலிருந்து காப்பிக்கொட்டையும் மிளகும் ஏற்றிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு இறங்குகிறேன். சிறிய டீசல் சரக்கு வண்டி. பாதி மலையில் கருகல் வாடை வருகிறது. கடைசி வளைவுகளில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. அடிவாரத்தில் அரை மணி நேரம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார். சுமை கூடினால் வண்டி வேகமாக உருளும், அதனால்தான் இப்படி என்கிறார்கள். உண்மையா?

பதில்: மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் மிதியைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் பாகம்) இப்போதே பணம் கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் ஆறினால் தானாகச் சரியாகிற கோளாறு சிலிண்டர் கோளாறு அல்ல. சந்தேகம் இருந்தால் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் சிலிண்டரையோ கசிவையோ சந்தேகப்படலாம். அசையாமல் நின்றால் மலையில் கொதித்தது பிரேக் ஆயில்.

முதலில் அந்தச் சுமைக் கணக்கு. சுமை ஏற்றினால் வண்டி வேகமாக உருளும் என்பது தவறு. நிறை இரட்டித்தால் சரிவில் இழுக்கும் விசையும் இரட்டிக்கும், நகர்த்த வேண்டிய பொருளும் இரட்டிக்கும். ஒன்றுக்கொன்று சரியாகிப் போகும். காலி வண்டியும் நிறைந்த வண்டியும் நியூட்ரலில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேகமெடுக்கும். சுமையால் மாறுவது வேறொன்று: அந்த வேகத்தைப் பிடித்து வைக்க பிரேக் செய்ய வேண்டிய வேலை.

வண்டியும் சரக்கும் சேர்த்து 1,600 கிலோ என்று வைப்போம். மேலிருந்து அடிவாரம் வரை இறங்கும் உயரத்தைச் சுமாராக 1,000 மீட்டர் என்று கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்தால் 1,600 × 10 × 1,000, அதாவது 1 கோடியே 60 லட்சம் ஜூல். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டரைக்கு மேல் கொதிக்க வைக்கப் போதுமான சூடு இது. இதில் ஏறத்தாழ கால் பங்கை டயர் உராய்வும் காற்றும் தின்றுவிடும். மீதி 1 கோடியே 20 லட்சம் ஜூலை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்க வேண்டும். மூன்றாவது இடம் கிடையாது.

20 கிலோமீட்டர் இறக்கத்தை மணிக்கு 25 கிலோமீட்டரில் கடந்தால் 48 நிமிடம் ஆகும். அத்தனையையும் பிரேக் மட்டுமே தாங்கினால், நான்கு சக்கரத்துக்கும் சக்கரத்துக்கு ஒன்றாக ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியைக் கட்டி 48 நிமிடமும் அணைக்காமல் ஓடவிட்டதற்குச் சமம். உங்களுக்கு வந்த கருகல் வாடை அந்த இஸ்திரிப் பெட்டி வாடைதான்.

குப்பனூர் வழியான இன்னொரு மலைப்பாதையில் இறங்கினால் வளைவு குறைவு, சூடும் குறையும் என்று சிலர் சொல்வார்கள். ஈர்ப்பு விசை செய்யும் வேலையைத் தீர்மானிப்பது இறங்கிய உயரம். 20 கொண்டை ஊசி வளைவு வழியாக வந்தாலும் நேராக வந்தாலும் மொத்தம் ஒன்றே. மெதுவாக இறங்கினால் மொத்தம் குறையாது, ஆனால் அந்தச் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டு போக அவகாசம் கிடைக்கும்.

இனி ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக் கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பே 140க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் மிதிப்பதெல்லாம் குமிழியை நசுக்கவே செலவாகிறது, சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடல் சரியாகிவிடும். பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்காவிட்டால் அது வேறு நோய்: சக்கரத்தை உரசிப் பிடிக்கும் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது.

பிரேக் ஆயில் டேங்க் மூடியில் டாட் 3 என்று எழுதியிருந்தால் டாட் 4 ஊற்றலாம். ஆனால் மேலாக நிரப்புவதில் பயனில்லை. நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து (குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி), பழைய ஆயில் முழுக்க வெளியேறி, சுத்தமான ஆயில் வரும்வரை விட வேண்டும். அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பிடிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது இது தேவை. கடைக்காரர் பாதி தீர்ந்த டப்பாவிலிருந்து ஊற்ற வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திறந்து வைத்த டப்பா ஏற்கெனவே ஈரம் குடித்த டப்பா. உங்கள் கண் முன்னே சீல் உடைக்கட்டும்.

ஆயில் மாற்றுவது பாதி மருந்துதான். மீதி கியரில் இருக்கிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொன்னது முழுக்க இயற்பியல்: குறைந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். இறக்கம் தொடங்குமுன் இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். நடுவில் மாற்ற நினைத்தால், கியர் விழாத அந்த ஓரிரு நொடியில் வண்டி வேகமெடுத்துவிடும். பெடல் மேல் காலை வைத்தபடியே வராதீர்கள். 25ஐத் தாண்டினால் அழுத்தி மிதித்து 15க்குக் கொண்டுவந்து, முழுவதும் விட்டுவிடுங்கள். விட்டிருக்கும் நேரத்தில்தான் பிரேக் டிரம் (சக்கரத்தோடு சுழலும், லைனிங் உரசும் வார்ப்பிரும்பு வளையம்) ஆறும்.

நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று யாராவது சொன்னால் அவர் பேச்சைக் கேட்டு வண்டி ஓட்டாதீர்கள். கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் இன்றைய எஞ்சின்கள் எரிபொருளையே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் எரியும். எஞ்சினையே அணைத்து இறங்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று மிதிக்குள், பெடலுக்கு உதவும் பூஸ்டரில் வாக்குவம் தீர்ந்துவிடும், அப்புறம் பெடலை உடம்பையே போட்டு அழுத்த வேண்டியிருக்கும்.

அடுத்தது லோடு புரோக்கர். "இன்னும் பத்து மூட்டை போடுங்க, ரெண்டு பட்டை சேர்த்துக்கிட்டா தாங்கும்" என்பார். ஸ்பிரிங் பட்டை சேர்த்தால் பாடி தாங்கும். பிரேக் டிரம் பெரிதாகிவிடுமா? 50 கிலோ மூட்டை பத்து என்றால் 500 கிலோ, மேலே சொன்ன சூட்டில் 30 சதவீதத்துக்கு மேல் கூடுதல். மலையில் நிற்கப்போவது நீங்கள், அவருக்குக் கமிஷன் மூட்டை ஏறியதுமே முடிந்துவிடும்.

எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) வாங்கியிருக்கிறோமே என்பீர்கள். ஆறிய பிரேக்கோடு, சமதளத்தில் பார்க்கிற சோதனை அது. முழுச் சுமையோடு மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து ஒரு முறை நிறுத்த சுமார் 55,000 ஜூல். ஏற்காடு இறக்கம் அப்படி 200 முறைக்கு மேல் இடைவிடாமல் நிறுத்துவதற்குச் சமம். எஃப்.சி.யில் அதற்குச் சோதனை இல்லை. லைசென்ஸ் சோதனையிலும் வளைத்து ஓட்டிக் காட்டச் சொல்வார்கள், இறக்கத்தில் எந்தக் கியர் என்று யார் கேட்கிறார்கள்? வண்டியைக் காட்டாமலே சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்கிற ஏஜெண்டும் இந்த ஓட்டைக்குள்தான் பிழைக்கிறார்.

ஒரு விதிவிலக்கு, பேட்டரி சரக்கு வண்டி வாங்கியவர்களுக்காக. உங்கள் கேள்வியில் இல்லை, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். இந்த வண்டிகளில் பலவற்றில் இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்துக்கொள்ளும், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். மேலே சொன்ன 1 கோடியே 20 லட்சம் ஜூல் என்பது 3.3 யூனிட். இழப்பு போக இரண்டு யூனிட்டுக்கு மேல் திரும்பலாம். ஆனால் ஏற்காட்டிலேயே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால் அந்த மின்சாரம் போக இடமில்லை. மோட்டார் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் அல்லது விட்டேவிடும், மொத்தமும் பிரேக் தலையில் விழும். சமதளத்தில் நன்றாகப் பிடித்த வண்டி இறங்கும்போது ஏன் பிடிக்கவில்லை என்று திகைப்பீர்கள். 20 யூனிட் பேட்டரி என்றால் இறங்குமுன் 15 முதல் 20 சதவீதம் காலியாக இருக்கட்டும். சிறிய பேட்டரி என்றால் இன்னும் கூடுதலாக. இதை வாங்கும்போதே விற்பனையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

பெடல் அமுங்கிவிட்டால் பயந்து நிற்காமல் வேகமாகப் பலமுறை மிதித்து அழுத்தம் ஏற்றுங்கள், கியரைக் குறையுங்கள், கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள். நின்ற பிறகு டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான வார்ப்பிரும்பு திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும். காற்றில் ஆறட்டும்.

ஆயில் மாற்றிய பிறகு முதல் நடையில் அடிவாரம் வந்ததும், தொடாமல், நான்கு சக்கரத்தருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். முன் சக்கரம் இரண்டும் பின்னதைவிடக் கொஞ்சம் சூடாக இருப்பது இயல்பு. ஒரே ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அதன் பிரேக் விடாமல் பிடித்தபடியே இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், மற்ற மூன்றுக்கும் சேர்த்துப் பில் போடவிடாதீர்கள்.