மூட்டைக் கணக்கில் புளி விற்கும் என் மாமனார், இனி வீடுகளுக்கே நேரடியாக விற்க ஆசைப்படுகிறார். எங்கிருந்து தொடங்குவது?

வெப்சைட்டுக்கு எவ்வளவு ஆகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் பெரியப்பாவுக்குப் புளி வியாபாரம். ஓட்டோடு வாங்கி, தட்டி, கொட்டையும் நாரும் எடுத்து, மூட்டையாகச் சேலம், பெங்களூர் கடைகளுக்கு அனுப்புவார். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாகச் சனி, ஞாயிறுகளில் அவருடைய சில்லறை விற்பனை என் பொறுப்பு.

நாங்கள் முதலில் சறுக்கியது விலையில்தான். மண்டி விலைக்கு மேல் கிலோவுக்குப் பத்து ரூபாய் என்று பெரியப்பா வைத்தார். "கடைக்காரர் லாபம் மிச்சம்தானேம்மா, ஜனங்களுக்குக் குறைச்சே கொடுப்போம்." அதை வாட்ஸ்அப்பில் போட்ட மறுநாள், இருபது வருடமாகச் சரக்கு எடுக்கும் சேலத்துக் கடைக்காரர் போன் செய்தார். சத்தம் எதுவும் போடவில்லை. "அண்ணே, உங்க விலையை என் கடைக்கு வர்றவங்க எனக்கே காட்டுறாங்க" என்றார், அவ்வளவுதான். அந்த மாதம் வழக்கமாக எடுப்பதில் பாதிதான் எடுத்தார்.

அதனால் கடை விலைக்குக் கீழே போகாதீர்கள். உண்மையில் போகவும் முடியாது. கவர், அட்டைப்பெட்டி, கூரியர், உடைந்து போனதற்கு மாற்று, ராத்திரி ஒன்பது மணிக்கு வரும் போனை எடுக்க ஓர் ஆள்: கடைக்காரர் பார்த்த வேலையெல்லாம் இப்போது உங்கள் தலையில். அவருடைய லாபம் எங்கே போகிறது என்பது அப்போதுதான் புரியும்.

கூரியரை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் கூரியரில் கட்டணம் அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏறும். ஒரு கிலோ புளியைப் பெட்டியில் வைத்து நிறுத்தால் 1,080 கிராம். பில் ஒன்றரைக் கிலோவுக்கு. பெரிய பெட்டி என்றால் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி அதற்கொரு எடை போடுவார்கள், அது இன்னொரு தலைவலி. கடைசியில் கெட்டிக் கவரில் 900 கிராம் என்று மாற்றினோம். "தொள்ளாயிரமா? ஏமாத்துற மாதிரி இருக்கே" என்று பெரியப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எடையை விலையை விடப் பெரிய எழுத்தில் அச்சடித்த பிறகுதான் சமாதானமானார்.

அடுத்தது சரக்கு. மூட்டையில் பத்துக் கொட்டை கிடந்தால் எந்தக் கடைக்காரரும் கேட்க மாட்டார். சென்னையிலிருந்து ஓர் அம்மா, ஒரு சாஸரில் மூன்று கொட்டையை வரிசையாக அடுக்கிப் படம் அனுப்பினார். கீழே ஒரு வரிகூட இல்லை. அன்றிலிருந்து சில்லறைக்குப் போகும் புளியை மட்டும் கொட்டை எடுக்கும் அக்கா ஒருவர் இரண்டாம் தடவை கையால் பார்த்துவிடுகிறார், அதற்குத் தனிக் கூலி. புதுப் புளியா பழைய புளியா என்பதையும் கேட்டுவிட்டே அனுப்புங்கள். வத்தக்குழம்புக்குக் கறுத்த பழைய புளிதான் வேண்டும் என்பவருக்குச் சிவந்த புதுப் புளி போனால் திட்டு நிச்சயம். நேர்மாறாகப் போனால் "கெட்டுப்போன சரக்கு" என்பார்கள்.

சட்டப்படி செய்ய வேண்டியவை ஒரு மாத வேலை. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் மொத்த வியாபாரம் என்று மட்டும் இருந்தால், பாக்கெட் போடுவதையும் அதில் சேர்க்க வேண்டும். உரிமத்தின் 14 இலக்க எண், சைவம் என்பதற்கான பச்சைப் புள்ளி, பாக்கெட் போட்ட மாதம், எம்.ஆர்.பி., புகாருக்கு ஒரு போன் நம்பர் எல்லாம் கவரில் வர வேண்டும். கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் ஒரு கிராம் என்ன விலை என்பதையும் போட வேண்டும். கெடாமலிருக்கக் கல் உப்பு கலப்பவரானால் உப்பையும் லேபிளில் எழுதுங்கள். தராசுக்கு முத்திரை காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நல்ல செய்தி, காய்ந்த புளிக்கு 2019 அக்டோபரிலிருந்து ஜி.எஸ்.டி. கிடையாது.

ஆர்டருக்கு எங்கே போவது? நாங்கள் ஓசூரில் நான் இருக்கும் அப்பார்ட்மெண்டில் ஒரு மேசை போட்டோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் நாற்பது பாக்கெட் போனது. அந்த நாற்பது வீட்டில் பாதிப் பேர் திரும்ப வாங்கினார்கள். ஊரிலிருக்கும் அக்கா, தங்கைகளுக்கும் நம்பரைக் கொடுத்தார்கள். இன்றுவரை எங்களுக்கு வெப்சைட் இல்லை, ஒரு நோட்டும் வாட்ஸ்அப்பும்தான்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மாமனார் மாசி, பங்குனியில் வாங்கும் சரக்கைக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கிறாரா, வீட்டுக் குடோனிலேயே வைக்கிறாரா? குடோன் என்றால் ஐப்பசி மழையில் ஈரம் ஏறிக் கசியும், மெல்லிய கவர் தாங்காது. பதில் போடுங்கள், நாங்கள் வாங்கும் கவர் எத்தனை மைக்ரான் தடிமன் என்று பார்த்துச் சொல்கிறேன்.